இணைவு உலையும் திருமங்கலத்து ஃப்ளெக்ஸும்

1

சில மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் நிறுவனத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். திருமங்கலத்திலிருந்து என் மாமன் மகன் தங்கப்பாண்டி கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினார். நாற்கரச் சாலை ஓரம் நட்டிருந்த ஒரு ஃப்ளெக்ஸ் பேனரின் படம். அதில் நான் இருந்தேன்.

ஆள் உயரத்தைவிடப் பெரிதாக இருந்தேன். எனக்குப் பின்னால் சூரியன். தலைக்கு மேல் "சூரியனை மண்ணில் இறக்கும் மண்ணின் மைந்தரே!" என்று சிவப்பு எழுத்து. காலுக்குக் கீழே, "நமது பகுதிக்கு வருகை தரும் அணுக்கரு இணைவு மின் நிலையத்தை வருக வருக என வரவேற்கிறோம்." மூலையில் எங்கள் நிறுவனத்தின் சின்னம், பச்சை நிறத்தில். அடியில் வழக்கம்போல வரவேற்பவர்களின் முகங்கள்: கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள், போனில் பேசுவதுபோல நிற்பவர்கள், ஒரு கைக்குழந்தை. என் படம் அக்கா மகளின் காதுகுத்தில் எடுத்தது. இடது கையிலிருந்த ஐஸ்கிரீம் கிண்ணத்தை நீக்கிவிட்டு மடிக்கணினி ஒன்றை வைத்திருந்தார்கள். வலது கையிலிருந்த கரண்டியை நீக்க மறந்திருந்தார்கள்.

எதிரே இருந்த சக பொறியாளர் எட்டிப் பார்த்து, "தேர்தலில் நிற்கிறாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் இறந்துவிட்டாயா?" என்றார். அவர் ஒருமுறை என்னோடு மதுரைக்கு வந்து ஒரு வாரம் தங்கியவர். ஃப்ளெக்ஸ் எதற்கெல்லாம் வைப்பார்கள் என்று தெரிந்தவர்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு ஃப்ளெக்ஸை விளக்க வேண்டியதில்லை. என் வேலையைத்தான் விளக்க வேண்டும்.

இன்றைய அணுமின் நிலையங்கள் கனமான அணுவைப் பிளந்து வெப்பம் எடுக்கின்றன. நாங்கள் செய்ய முயல்வது அதற்கு நேர் எதிர். ஹைட்ரஜனின் கனமான வகைகளை ஒன்றோடொன்று இணைத்து வெப்பம் எடுப்பது. சூரியனுக்குள் நடப்பது இந்த இணைவுதான். சூரியனுக்கு அதன் எடை உதவுகிறது. எங்களுக்கு அந்த வசதி இல்லாததால் வாயுவைப் பத்துக் கோடி டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சூட்டைத் தாங்கும் பாத்திரம் எதுவும் கிடையாது. எனவே காந்தத்தால் அதை அந்தரத்தில் பிடித்து வைக்கிறோம். அந்தக் காந்தங்களோ, உலகின் எந்தப் பனிப்பிரதேசத்தையும்விடக் குளிராக இருந்தால்தான் வேலை செய்யும். என் வேலை அந்தக் குளிரைக் காப்பது. இன்னும் நேராகச் சொன்னால், குளிரூட்டும் ஹீலியம் குழாய்களில் எங்கே கசிகிறது என்று தேடுவது. நான் சூரியனை எங்கும் இறக்கவில்லை. கசிவு தேடுகிறேன்.

இந்தத் தொழில்நுட்பத்தை நான் நம்புகிறேன். நம்பாமல் இத்தனை ஆண்டுகள் கசிவு தேட முடியாது. எரிபொருளுக்குள் செலுத்திய ஆற்றலைவிட அதிகமாக வெளியே வந்த சோதனைகளும் நடந்திருக்கின்றன. ஆனால் மொத்த இயந்திரத்தையும் ஓட்டுவதற்குச் மின் இணைப்பிலிருந்து இழுத்த மின்சாரம் முழுவதையும் கழித்தால், இதுவரை எந்த உலையும் மிச்சம் காட்டியதில்லை. மிச்சம் வரும் நாள் வரலாம் என்றே நினைக்கிறேன். அது எந்த நாள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கிறது. "இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மின் கட்டமைப்புக்கு மின்சாரம்" என்று அங்கே எழுதியிருக்கிறது. நான் சேர்ந்தபோது அங்கே வேறொரு காலக்கெடு இருந்தது. அது முடிந்த வாரம், யாரும் எதுவும் சொல்லாமல், இது வந்தது.

3

கல்லூரியில் படித்தபோது மதுரையில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் மாலை நேரப் பகுதிநேர வேலை பார்த்தேன். எனக்குக் கொடுத்தது "நாளைய மின்தடை" பத்தி. துணை மின் நிலையத்தில் பராமரிப்புப் பணி, எனவே ஆனையூர், ஒத்தக்கடை அல்லது வேறு ஏதோ பகுதியில் காலை முதல் மாலை வரை மின்சாரம் இருக்காது என்று வாரியத்திலிருந்து தாள் வரும். ஊர்ப் பெயர்களில் பிழை இல்லாமல் அச்சுக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு அறிவிப்பும் ஒரே மாதிரி முடியும்: இவ்வாறு செயற்பொறியாளர் இன்னார் தெரிவித்துள்ளார். பெயர் விடுபட்டு வந்தால் போன் செய்து பெயரை வாங்கிய பிறகுதான் பத்தி அச்சுக்குப் போகும்.

அந்தப் பெயருக்கு ஒரு விளைவு இருந்தது. அண்ணா நகரில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு இரண்டு இலை தள்ளி ஒரு செயற்பொறியாளர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் நேராக வந்து அவர் இலைக்கு முன் நின்றார்.

"சார், அஞ்சு மணிக்கு வந்துரும்னு உங்க பேரப் போட்டிருந்தீங்க. ஏழரைக்கு வந்துச்சு. ஊறப்போட்ட அரிசி அம்புட்டும் போச்சு. நாலு கடைக்கு மாவு குடுக்கணும் நானு."

"டிரான்ஸ்பார்மர்ல ஒரு கோளாறுங்க," என்றார் அவர், வடையைக் கீழே வைத்துவிட்டு.

"அப்ப ஏழரைன்னு போட்டிருக்கலாம்ல?"

"இனிமே சேத்துப் போடுறேன்."

அதற்குப் பிறகு அவர் பகுதி அறிவிப்புகளில் நேரம் தாராளமாக இருந்தது. மின்சாரம் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்தது. பொறுப்பு என்பதைப் பற்றி நிர்வாகவியலில் பின்னால் நிறையப் படிக்க நேர்ந்தது. இந்த வடை அளவுக்கு எதுவும் தெளிவாக இல்லை.

எங்கள் நிறுவன அறிக்கைகளில் பேசுவது "நிறுவனம்". நிறுவனம் நம்புகிறது, நிறுவனம் எதிர்பார்க்கிறது, நிறுவனம் பெருமிதம் கொள்கிறது. தகவல் தொடர்புப் பிரிவின் ஹெலனிடம், இந்தக் காலக்கெடுவை யார் கணக்கிட்டது என்று ஒருமுறை கேட்டேன். அவர் நல்ல பெண்மணி. சற்று யோசித்து, "அது யாரும் கணக்கிட்டதல்ல, நாம் எல்லோரும் சேர்ந்து வந்தடைந்தது" என்றார். நான் வந்தடைந்ததாக நினைவில்லை என்றேன். அன்றைக்கு நான் விடுமுறையில் இருந்திருக்கலாம் என்றார்.

4

படம் வந்த அன்று மாலை தங்கப்பாண்டிக்குப் போன் செய்தேன். அவர் எனக்கு இரண்டு வயது மூத்தவர். திருமங்கலத்தில் விதை, உரக் கடை. டவுனுக்கு மேற்கே எங்கள் பூர்வீக ஊரில் கரிசல் நிலமும் ஒரு கிணறும் உண்டு. அதை ஒட்டியே என் அம்மா பெயரில் கொஞ்சம் நிலம்.

"என்ன மச்சான் இது?"

"எப்புடி மாப்ள? பெரிய சைசுல சொல்லி அடிச்சேன். பஸ்ல போற ஆளுக எல்லாம் எட்டிப் பாக்குறாய்ங்க."

"யார் சொன்னது அங்கே மின் நிலையம் வருதுன்னு?"

"என்ன மாப்ள, ஒங்க கம்பெனி வருது, எங்கிட்டக் கேக்குறீங்க? மெட்ராசுல இருந்து ஆளுக வந்து நெலத்துக்குப் பேப்பர் போட்டுக்கிட்டு இருக்காய்ங்க."

விசாரித்ததில் இவ்வளவு தெரிந்தது. சென்னையில் ஒரு திட்ட ஆலோசனை நிறுவனம் இருக்கிறது. எங்கள் நிறுவனத்தோடு "வாய்ப்புகளை ஆராய்வதற்கான புரிந்துணர்வு" ஒன்றில் கையெழுத்திட்டிருக்கிறது. ஆராய்ச்சியின் முதல் கட்டமாக எங்கள் ஊரில் நிலம் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. விற்பனை அல்ல, முன்பதிவு. சிறு முன்பணம் கொடுப்பார்கள். அதன் பிறகு பத்து ஆண்டுகளுக்கு அந்த நிலத்தை வேறு யாருக்கும் விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, அதில் புதிதாக எதையும் நிறுவக் கூடாது. அவர்கள் மட்டும் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.

"நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்ல. கெணத்துக்கு சோலார் மோட்டார் சாங்சன் ஆயிருக்கு மாப்ள, மானியத்துல. மூணு வருசமா அலைஞ்சு வாங்குனது. இதுல கையெழுத்துப் போட்டா அதப் போடக் கூடாதாம். அதேன் யோசன. ஆனா ஒங்க கரண்டு வந்துட்டா சோலார் எதுக்கு?"

ஆனையூரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு அடுத்துப் போன் செய்தேன். அம்மா சுற்றி வளைத்துப் பேசுபவர் அல்ல.

"மெட்ராஸ்காரன் பேச்சக் கேட்டு ஒருத்தனும் கையெழுத்துப் போடலடா. ஓம் மூஞ்சியப் பாத்துத்தான் போடலாமாங்கிறாய்ங்க. நீ என்ன சொல்ற, அதச் சொல்லிப்புடு."

வீட்டில் என் மகள் கயல் படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பதினைந்து வயது. ஆங்கிலத்தில் கேட்பாள், தமிழில் பதில் சொல்வேன். எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கிறது. அடியில் இருந்த முகங்களில் இரண்டு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தவை. மற்றவர்கள் உங்கள் கம்பெனி ஆட்களா என்று கேட்டாள். இல்லை, உறவினர்கள் என்றேன். பிறகு ஏன் அவர்கள் படம்? வரவேற்பவர் யார் என்று தெரிய வேண்டுமே என்றேன். எங்கள் நிறுவன இணையதளத்தை அவள் திறந்தாள். இயந்திரம் ஒன்றின் படம் இருந்தது. ஆள் யாரும் இல்லை. "அப்படியென்றால் இந்த மொத்த விஷயத்திலும் முகத்தோடு மாட்டியிருப்பது நீங்கள் மட்டும்தானா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் மாடிக்குப் போனாள்.

5

மறுநாள் சட்டப் பிரிவுக்கு நடந்ததை எழுதினேன். மூன்று கேள்விகள் கேட்டிருந்தேன். இந்த நிலப் பதிவு நிறுவனத்துக்குத் தெரியுமா? சென்னை நிறுவனம் காட்டும் காலக்கெடுவுக்கு யார் பொறுப்பு? அது நடக்காவிட்டால் அந்த விவசாயிகளுக்கு யார் பதில் சொல்வார்கள்?

பதில் விரைவாக வந்தது. எந்த இடத்தையும் நிறுவனம் தேர்வு செய்யவில்லை. கூட்டாளியின் அறிக்கைகள் கூட்டாளியுடையவை. நிறுவனத்தின் காலக்கெடு "எதிர்நோக்கு வாசகம்", அதை வாக்குறுதியாகக் கொள்ளக் கூடாது. இவை தவிர, படத்தைப் பார்த்ததில் மிகுந்த கவலைக்குரிய விஷயம் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். நிறுவனச் சின்னம் நீல நிறத்தில் இருக்க வேண்டும், பச்சையில் இருக்கிறது. பக்கவாட்டில் இழுக்கப்பட்டும் இருக்கிறது. அந்த விளம்பரத்தை உடனே அகற்ற வேண்டும். மேலும், காலக்கெடு குறித்து வெளியாரிடம் பேச எனக்கு அதிகாரம் இல்லை என்பதை நினைவூட்டியிருந்தார்கள்.

பெயர் போட்டிருந்த ஒரே ஆள் நான். பேசக் கூடாத ஆளும் நான். பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் "குடும்பம்" என்று போட்டேன். அது பொய்யல்ல.

6

நான் போய்ச் சேர்வதற்குள் ஃப்ளெக்ஸை இறக்கியிருந்தார்கள். அடுக்கிவைத்த சோளத்தட்டைப் படப்பின் மேல் மழைக்கு மூடியிருந்தது. என் முகம் மேலே, சின்னம் படப்புக்குள் மடிந்து. சின்னம் இனி யார் கண்ணிலும் படாது என்று சட்டப் பிரிவுக்கு எழுதினேன். நன்றி என்று பதில் வந்தது.

நிலப் பதிவைப் பற்றிய ஊர்க் கூட்டம் பால் கூட்டுறவு சங்கக் கட்டடத்தில், காலைப் பால் ஊற்றி முடிந்த பிறகு. நாற்பது பேர் இருக்கலாம். சென்னை நிறுவனத்திலிருந்து கார்த்திக் வந்திருந்தார். நல்ல வெயிலில் முழுக்கைச் சட்டை. எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. அந்தக் காலக்கெடு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டதற்கு, "உங்க வெப்சைட்லருந்துதான் சார்" என்றார். உண்மை.

வீரணன் என்ற பெரியவர் தொடங்கினார். நிலம் அதிகம் வைத்திருப்பவர், ஊரில் அவர் கையெழுத்துப் போட்டால் மற்றவர்களும் போடுவார்கள்.

"தம்பி, ஒத்தக் கேள்விதேன். கரண்டு எப்ப வரும்?"

"தெரியாதுங்கய்யா."

"தெரியாதுன்னா?"

"எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சு வேற யாருக்கும் தெரியாது."

"அப்பறம் பேனர்ல சூரியன எறக்குறேன்னு இருந்துச்சு?"

"பேனர் நான் வைக்கலங்க."

தங்கப்பாண்டி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பால் ஊற்ற வந்து, கூட்டத்துக்காக நின்றுவிட்ட பேச்சியம்மாள் கேட்டார்: "அது வெடிக்குமா தம்பி?"

"வெடிக்காது. சின்னக் கோளாறு வந்தாலும் தானா அணைஞ்சு போயிரும்."

"அணைஞ்சா?"

"மறுபடி பத்த வைக்கணும்."

"ஒரு தடவ பத்த வச்சா எம்புட்டு நேரம் எரியும்?"

"எங்க மெசின்ல இப்போதைக்கு, சில வினாடி."

"அடப்பாவிகளா, அதுக்குள்ள ஒலையே காயாதே!"

கூட்டம் சிரித்தது. கார்த்திக்கும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்தார். "சார், நீங்க சொல்றது கம்பெனி கருத்தா?"

"இல்ல. என் கருத்து."

"அப்ப கம்பெனி கருத்து?"

"வெப்சைட்ல இருக்கு."

என் வேலையைப் பற்றி மட்டும் பேசினேன். ஒரு கசிவைக் கண்டுபிடிக்க எவ்வளவு நாள் ஆகிறது, கண்டுபிடித்துச் சரிசெய்தால் அடுத்தது எங்கே திறக்கிறது, இயந்திரம் இழுக்கும் மின்சாரம் எவ்வளவு, திருப்பிக் கொடுப்பது எவ்வளவு. இது ஒருநாள் நடக்கும் என்று நினைக்கிறேன், அதற்காகத்தான் உழைக்கிறேன், ஆனால் அந்த நம்பிக்கையை வைத்து இன்னொருவர் நிலத்தைப் பத்து ஆண்டு கட்டிப்போட முடியாது என்றேன். கேட்டார்கள். நன்றாகவே கேட்டார்கள்.

கடைசியாக வீரணன், "அதெல்லாம் இருக்கட்டும். ஒங்க ஆத்தா நெலமும் இதுல வருதுல்ல. நீங்க கையெழுத்துப் போடுவீகளா?" என்றார்.

"போட மாட்டேன்."

கூட்டம் அதோடு முடிந்தது. டீ வந்தது.

7

இங்கிலாந்து திரும்பிய மூன்றாவது வாரம் அலுவலகத்தில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். நிறுவனத்தின் நிலைப்பாட்டுக்கு முரணான கருத்துகளை வெளியில் தெரிவித்ததாக. எந்தக் கருத்து முரண், அது தவறா சரியா என்பது கடிதத்தில் இல்லை. வெளிக் கூட்டங்களில் பேசுவோர் பட்டியலிலிருந்து என்னை நீக்கியிருப்பதாகவும் இருந்தது. அப்படியொரு பட்டியலில் நான் இருந்ததை அன்றுதான் அறிந்தேன். கீழே "மனிதவளப் பிரிவு" என்று அச்சிட்டிருந்தார்கள். வாங்கிக்கொண்டு கசிவு தேடப் போனேன்.

அன்று மாலை தங்கப்பாண்டி கூப்பிட்டார்.

"மாப்ள, ஒருத்தன்கூடக் கையெழுத்துப் போடல. மெட்ராஸ்காரங்க வண்டியக் கட்டிட்டாய்ங்க."

நல்லது மச்சான் என்றேன். நாற்பது பேருக்கு முன்னால் உண்மையைச் சொன்னதற்கு ஒரு பலன் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி.

"இல்லையா பின்ன? ஊரே ஒங்களத்தான் பேசுது. இம்புட்டு வெவரமான ஆளு நம்ம சனத்துல இல்லங்கிறாய்ங்க. உள்ளுக்குள்ள இருக்கிற ஆளு, தன் ஆத்தா நெலத்தக் குடுக்க மாட்டேன்னா என்ன அர்த்தம்? வெல ஏறப்போகுதுன்னு அர்த்தம். ஒருத்தனும் இப்பக் குடுக்கிறதா இல்ல."

"மச்சான், நான் சொன்னது அது இல்ல."

"தெரியும் தெரியும். கூட்டத்துல வெளிப்படையாச் சொல்ல முடியுமா? எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு."

"சோலார் மோட்டார் போட்டாச்சா?"

"அதெப்படிப் போடுறது? நாளைக்கு அளக்க வாரப்ப கெணத்து மேல பேனலு நின்னா எடஞ்சல். அத அப்பறம் பாத்துக்கலாம்."

சாங்சன் தவணை அந்த மாதக் கடைசியோடு காலாவதி ஆகிறது என்றார். அதைச் சாதாரணமாகச் சொன்னார். மூன்று ஆண்டு அலைந்தவர்.

இரண்டு நாள் யோசித்தேன். தொழில்நுட்ப விளக்கத்தை இன்னும் எளிமையாக எழுதி அனுப்பலாமா என்று பார்த்தேன். ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். எழுதியதை வாசித்தபோது, விலையை இன்னும் ஏற்றும் போலிருந்தது. எழுத்தை விட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். எங்கள் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு ஒன்று மோட்டார் பழுதாகிக் கிடக்கிறது. மானியத்துக்குக் காத்திருக்க நேரமில்லை, கைக்காசிலேயே சோலார் போட்டுவிடலாம், உடனே போட வேண்டும், சாலையிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி போட வேண்டும் என்றேன்.

"வெள்ளாமையே இல்லாத நெலத்துக்கு எதுக்குடா மோட்டாரு?" என்றார்.

நான் சொன்னதை வேறாக எடுத்துக்கொண்டவர்கள், நான் செய்வதைப் பார்த்துச் செய்வார்கள் என்று விளக்கினேன். "சரி, உளுந்து போடச் சொல்றேன்" என்றார் அம்மா. அடுத்த வாரம் ஆனையூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய், பேனல் ஏற்றும்வரை வரப்பில் குடை பிடித்து நின்றிருக்கிறார். போகிறவர் வருகிறவரெல்லாம் விசாரித்தார்களாம். மகன் போடச் சொன்னான், வேறெதுவும் தனக்குத் தெரியாது என்று அம்மா சொன்னாராம்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது தங்கப்பாண்டி கிணற்றில் பேனல் ஏறியது. படம் அனுப்பினார். கண்ணாடிப் பலகைகள், அவற்றின் கீழே நிழலில் ஓர் ஆடு, தொட்டியில் விழும் தண்ணீர். போன் செய்தேன். வீரணனும் விண்ணப்பம் கொடுத்திருப்பதாகச் சொன்னார். ஊரில் இன்னும் ஏழெட்டுப் பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம்.

"தண்ணி எப்படி மச்சான் வருது?"

"அருமையா வருது. காலைல எட்டு மணிக்கெல்லாம் ஓட ஆரம்பிச்சுருது. கரண்ட் ஆபீஸ் பக்கமே போறதில்ல." குரலைத் தாழ்த்தினார். "மாப்ள, ஒரு விசயம். பேனல் கம்பெனியிலயும் ஒங்களுக்குப் பங்கு இருக்காம்ல?"

இல்லை என்றேன். எந்தக் கம்பெனியிலும் எனக்குப் பங்கு கிடையாது, சம்பளம் மட்டும்தான் என்றேன்.

"சரி சரி," என்றார். "போன்ல பேச வேணாம்."